எடைக்கருவியும் அளவுநாடாவும்: பெங்களூரிலிருந்து உடற்கொழுப்பின் ஒரு வரலாறு

1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், அந்நகரின் வரைபடத்தை மாற்றியது. வீடுகளின் நெருக்கமே நோயை வளர்க்கிறது என்று கருதிய நிர்வாகம், அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் கொண்ட புதிய குடியிருப்புகளை விரைந்து அமைத்தது. பழைய நகரத்தின் பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. தண்டுப் பகுதியில் பிரேசர் டவுனும் அதையொட்டிய காக்ஸ் டவுனும் எழுந்தன. 1809 முதல் சென்னைப் படையோடு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் வாழும் பகுதி இது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே தெருக்களில் ஐம்பது வயதுக்காரரைத் திடீரெனப் பறித்துக்கொண்டு போகும் நோய் வேறு. அது மாரடைப்பு. தொற்றுநோயின் காலம் முடிந்து இதயநோயின் காலம் தொடங்கியதாக இம்மாற்றத்தைப் பாடநூல்கள் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து எழுதுகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளின் கொழுப்புத் திசு ஆய்வுகளோ இவ்விரு அத்தியாயங்களையும் ஒரே நூலால் தைத்துவிட்டன. தொற்றை எதிர்க்க உடல் வைத்திருக்கும் அழற்சி என்னும் ஆயுதமே இதயத் தமனியையும் புண்படுத்துகிறது. அந்த ஆயுதம் குவிந்திருக்கும் கிடங்குகளில் ஒன்று வயிற்றுக் கொழுப்பு.

இந்த அறிவுக்கு வழிவிட்ட இந்திய ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று பெங்களூரிலேயே நடந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிரேம் பயஸும், அக்கல்லூரியில் பயின்று பின்னர்க் கனடாவில் பணியாற்றிய சலீம் யூசுப்பும், அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 1996இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். முதல் மாரடைப்புக்கு ஆளான 200 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட, இதயநோயற்ற 200 பேரோடு அவர்கள் ஒப்பிட்டனர். புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை எதிர்பார்த்தபடியே காரணிகளாக வெளிப்பட்டன. சிந்தனையைத் தூண்டியவை வேறு இரண்டு முடிவுகள். இயல்பானது என்று அதுவரை கருதப்பட்ட எல்லைக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சற்று உயர்ந்தாலும் ஆபத்து உயர்ந்தது. இடைச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்துப் பெறும் விகிதம் கூடக் கூட, எந்த இடத்திலும் நிற்காமல் ஆபத்தும் கூடியது. ஆபத்து தொடங்கும் கோடு என ஒன்றைக் கிழிக்க முடியவில்லை.

மருத்துவரின் அறையில் நிற்கும் எடைக்கருவி காட்டாததை ஒரு தையற்காரரின் அளவுநாடா காட்டியது என்பதே இதன் பொருள். இக்கருத்துக்கு முன்னோடி உண்டு. பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே, பருமனின் அளவைவிட அது உடலில் படியும் இடமே நோயைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார். மேலுடலில் சேரும் கொழுப்பையும் தொடை, இடுப்புப் பகுதியில் சேரும் கொழுப்பையும் அவர் வேறுபடுத்தினார். பல ஆண்டுகள் அக்கூற்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கொழுப்புத் திசு என்பது எரிபொருளை அடைத்து வைக்கும் ஊமைப் பொதி என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. ஊமைப் பொதி எங்கே இருந்தால் என்ன?

அந்த எண்ணம் உடைந்தது 1990களில். பாஸ்டனில் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு 1993இல், பருமனான எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்-ஆல்ஃபா என்னும் புரதத்தை மிகுதியாக உருவாக்குவதைக் கண்டது. அப்புரதத்தை முடக்கியபோது இன்சுலினுக்கு உடல் காட்டும் துலங்கல் மேம்பட்டது. இதன் வியப்பை உணர அப்புரதத்தின் முன்கதை தேவை. புற்றுக்கட்டியை அழிக்கும் பொருளாக அது 1975இல் அறிமுகமாயிற்று. கடுந்தொற்றில் உடலை உருக்கி மெலியச் செய்யும் பொருளும் அதுவே என்று 1985இல் தெரியவந்தது. தொற்றுக் காலத்துப் போர்முரசு ஒன்று, தொற்றே இல்லாத கொழுத்த உடலில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு, கொழுப்புச் செல்கள் சுரந்து மூளைக்கு அனுப்பும் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தது. ஊமைப் பொதி பேசத் தொடங்கியது.

அது பேசும் முறை இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்பு ஒப்பீட்டளவில் பாதுகாப்பான சேமிப்பு. அங்கே இடம் போதாதபோது மிகுதி குடல்களைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்கிறது. கொள்ளளவை மீறி உப்பிய கொழுப்புச் செல்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது, சில மடிகின்றன. மடிந்த செல்லைச் சூழ்ந்து அப்புறப்படுத்த, மேக்ரோபேஜ் எனப்படும் பெருந்தின்னிச் செல்கள் திரள்கின்றன. பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் இச்செல்கள் குவிந்திருப்பதை 2003இல் இரண்டு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. இவை விடுக்கும் இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைகள், குடற்பகுதிக் கொழுப்பிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை ரத்தத்தில் கலக்கிறது. அப்புரதம் அழற்சியின் அடையாளம் மட்டுமே. சேதத்தை விளைவிப்பது அதற்குப் பின்னால் உள்ள அழற்சி. தமனிச் சுவரின் உட்படலம் அதனால் கெடுகிறது; அங்கே படிந்த கொழுப்புத் திட்டின் மூடி மெலிகிறது; ஒருநாள் அது வெடித்து, ரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது.

இந்தியர்களின் உடலில் இக்கதை ஏன் முன்கூட்டியே தொடங்குகிறது? இதற்கு விடை தேடியவர்களுள் புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் குறிப்பிடத்தக்கவர். 2004இல் அவரும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. ஒரே எடைக்கணக்குக்குள் இரண்டு வேறு உடல்கள் இருந்தன.

இவ்வேறுபாடு கருவறையிலேயே தொடங்குகிறது என்பதற்கும் சான்று கிடைத்தது. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பெங்களூருக்கு அருகிலுள்ள மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பேணிய பிறப்புப் பதிவேடுகள் இன்னொரு சாட்சியம் அளித்தன. அங்கே பிறந்து நடுவயதை எட்டிய 517 பேரைத் தேடிக் கண்டு பரிசோதித்ததில், பிறப்பின்போது 2.5 கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஊட்டமற்ற தாயின் கருவில் மெலிந்து பிறந்த உடல், பிற்காலத்து நிறைவைத் தாங்கும் கிடங்கின்றி வளர்ந்தது என்று இதைப் பொருள்கொள்ள இடமுண்டு. வறுமையின் கணக்கு வசதியின் காலத்தில் தீர்க்கப்படுகிறது.

அழற்சியின் அளவும் இதோடு ஒத்துப்போனது. பிரிட்டனில் வாழும் இந்தியர்களின் சி-ரியாக்டிவ் புரதம் அங்குள்ள வெள்ளையரைவிட 17 விழுக்காடு மிகுந்திருந்ததையும், வயிற்றுப் பருமனே அவ்வேறுபாட்டைப் பெரிதும் விளக்கியதையும் 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. வி. மோகன் தலைமையிலான சென்னை ஆய்வு 2005இல் இப்புரதத்துக்கும் உடற்கொழுப்புக்கும் உள்ள தொடர்பைத் தமிழகத்திலேயே உறுதிசெய்தது. பெங்களூர் முடிவை உலக அளவில் சோதித்த பெருமை 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வுக்கு உரியது. அதற்கும் தலைமை தாங்கியவர் யூசுப். சுமார் 27,000 பேரின் அளவுகளில், மாரடைப்பைச் சுட்டுவதில் உடல் நிறை எண்ணை இடை–இடுப்பு விகிதம் வென்றது. தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் அதே ஆய்வின் தரவுகள் 2007இல் தெரிவித்தன. அந்த ஆறு ஆண்டுகள் என்பவை, பிள்ளைகளின் படிப்பு முடியாத, வீட்டுக் கடன் தீராத ஆண்டுகள்.

அழற்சியே குற்றவாளியா, உடனிருக்கும் சாட்சியா என்ற ஐயம் 2017இல்தான் தீர்ந்தது. மாரடைப்பிலிருந்து மீண்ட, ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் மிகுந்திருந்த 10,000 பேருக்கு மேற்பட்டோரிடம், இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தை கான்டோஸ் ஆய்வு சோதித்தது. கெட்ட கொலஸ்டிரால் சிறிதும் குறையாமலேயே, 150 மில்லிகிராம் அளவில் மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை நேர்வது 15 விழுக்காடு குறைந்தது. ஆனால் மருந்து பெற்றவர்களிடையே உயிர்கொல்லும் தொற்றுகள் மிகுந்தன. மொத்த மரணங்கள் குறையவில்லை. கேடயத்தைத் தாழ்த்தினால் பழைய பகைவன் நுழைகிறான்.

இங்கே 1898 மீண்டும் தலைகாட்டுகிறது. நீண்ட காலம் தொற்றுகளின் நடுவே வாழ்ந்த மக்களிடம், நோயெதிர்ப்புக்கு உதவும் வகையில் கொழுப்பு குடற்பகுதியில் தங்கியிருக்கலாம் என்று ஜொனாதன் வெல்ஸ் 2009இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் வயிற்றுப் பருமனைச் சோம்பலின் முத்திரையாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை அது கேள்விக்கு உள்ளாக்குகிறது.

காக்ஸ் டவுன் சந்தைக்குப் பையோடு நடந்து வருபவர்களில், கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஒருவரை எந்தக் காலையிலும் காணலாம். எடைக்கருவி அவரை நலமானவர் என்று சொல்லி அனுப்பிவிடும். இந்தியர்க்கென வகுத்த அளவுகோலோ ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடைச் சுற்றளவில் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. விலையோ சில ரூபாய் பெறும் ஒரு துணிநாடா. 1996இலேயே பெங்களூர் சொன்ன பாடம் அது. எடையைக் குறித்து இடையைக் குறிக்காத மருத்துவச் சீட்டுகள் இருக்கும்வரை, அப்பாடம் முடிந்ததாகாது.