கல்வராயனும் கரோயேயும்: பனிமூட்டத்திலிருந்து நீர் வாங்கும் மரங்கள்

உயரத்தைப் பார்த்தால் கல்வராயன் மலையும் கேனரித் தீவுகளுள் ஒன்றான எல் இயெர்ரோவும் ஏறக்குறைய ஒரே தரம். பெரிய கல்வராயன் 4,000 அடியை ஒட்டி எழுகிறது. அத்தீவில் ‘கரோயே’ என்ற மரம் நின்ற சரிவு ஏறத்தாழ 1,000 மீட்டர். இரண்டு இடத்திலும் மேகம் தரையில் தவழும். ஆனால் எரிமலைப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடுவதால் ஆறே இல்லாத அத்தீவில், பிம்பாச்சே பழங்குடியினர் கரோயேயின் அடியில் குழிவெட்டிக் குடிநீர் சேர்த்தார்கள். கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினருக்கோ ஓடைகளும் ஊற்றுகளும் இருந்தன.

மரம் நீர் வாங்கும் விதம் இரண்டிடத்திலும் ஒன்றுதான். மழைத்துளி தன் எடையால் விழுகிறது. மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே, காற்றோடு மிதக்கும். அகன்ற பரப்பு எதிர்ப்பட்டால் காற்று வளைந்து விலகும், துளியும் கூடவே விலகிவிடும். மெல்லிய காம்போ இலைநுனியோ பாசி இழையோ எதிர்ப்பட்டால் கடைசிக் கணத்தில்தான் காற்று விலகும். துளியால் அவ்வளவு விரைவாகத் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. துளிகள் திரண்டு சொட்டுகின்றன.

ஆகவே பனிமூட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நகரவும் வேண்டும். எல் இயெர்ரோவில் கடல்மேகத்தை வணிகக்காற்று சரிவில் ஏற்றிக் கொணர்கிறது. கல்வராயனில் மார்கழி விடியலில் தாழ்ந்த வயல்கள்மேல் தேங்கும் மூட்டம் அசைவற்றது. மரம் அதிலிருந்து பெறுவது சொற்பம். பருவக்காற்றில் முகடுகளை உரசிச் செல்லும் மேகமே அதற்கு நீர் தரும். கண்ணுக்கு அழகான மூட்டமும் மண்ணுக்குப் பயன்படும் மூட்டமும் வேறுவேறு என்பது இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வியக்கவைத்தது.

இலையிலும் வேறுபாடு உண்டு. கரோயே பசுமை மாறாதது. கல்வராயன் சரிவுகளில் பெரும்பாலானவை இலையுதிர் மரங்கள். வறட்சி தொடங்கும்போது அவற்றிடம் நீரை ஏந்த இலை இராது. ஆனாலும் எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது: கரோயே நம் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். அண்டையிலுள்ள கொல்லிமலையின் பசுமைமாறாக் காடுகளிலும் நீலகிரிச் சோலைகளிலும் அக்குடும்பத்து மரங்கள் ஏராளம்.

மூட்டத்திலிருந்து மரம் பெறும் நீரை அளப்பதும் எளிது. மரத்தடியில் ஒரு மழைமானி, வெட்டவெளியில் ஒன்று. மழை பெய்தால் பெரும்பாலும் மரத்தடி மானியில் நீர் குறையும், ஏனெனில் கிளைகளே ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். மேகம் உரசும் நாளில் கணக்கு தலைகீழாகும்.

1610இல் ஒரு புயல் கரோயேயைச் சாய்த்தது. காற்றுக்கு நேராக நின்றதால்தான் அதற்கு நீர் கிடைத்தது. அந்த இடமே அதைப் புயலுக்கும் எளிய இலக்காக்கியது. பின்னர் அங்கே அதே இனத்தில் வேறொரு மரம் நடப்பட்டது. கல்வராயனில் மேகத்திலிருந்து நீர் பிடிக்கும் வேலை ஒற்றை மரத்துடையதல்ல, முகட்டோர மரவரிசைகளுடையது. அவற்றை வெட்டினால் சொட்டும் நீர் மட்டும் போவதில்லை. வெயில் ஏறியபின் மரநிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கும். மரங்கள் போனால் அந்த ஈரமும் காய்ந்துபோகும்.