யப்பானில் காற்றைத் தடுத்த காடுகள்

தோக்கியோ மாநகருக்கு வடமேற்கே முசாசினோ என்னும் மேட்டு நிலம் பரந்து கிடக்கின்றது. பண்டைக்கால எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான செம்மண் அது. ஆங்குக் கிணறு வெட்டினாலும் நீர் மிக ஆழத்திலேயே கிட்டும். குளிர்காலத்திலோ வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி, நுண்ணிய அம்மண்ணை வாரியெடுத்து வானையே மறைத்துவிடும்.

இத்தகைய நிலத்திலே ஊர் அமைக்கத் துணிந்தவர், 1694 ஆம் ஆண்டிற் கவாகொயேயின் ஆட்சித் தலைவரான யனகிசவா யொசியசு என்பவர். அதுவரை அது சுற்றுப்புற ஊரவர் புல் அறுத்த பொதுநிலம்; அதன் உரிமை பற்றிய வழக்கும் இருந்தது. வழக்குத் தீர்ந்ததும் பணி தொடங்கி, 1696 இல் நில அளவையும் நிறைவேறியது. சந்தொமே எனப்பட்ட அக்குடியேற்றத்தின் சிறப்பெல்லாம் அவ்வளவையிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

ஒவ்வொரு குடிக்கும் வீதியோரம் சுமார் 72 மீற்றர் அகலமும், உள்நோக்கிச் சுமார் 675 மீற்றர் நீளமுமான ஒரு துண்டு. ஏறக்குறைய 12 ஏக்கர். முன்னே வீடு, அதனைச் சூழ மூங்கிலும் பெருமரங்களும். நடுவே பயிர்நிலம். பின்னே ஓக்கு மரக்காடு. அயற்காணிகளின் காடுகளும் அடுத்தடுத்து நின்றமையால், யாவும் சேர்ந்து நீண்டதோர் அரணாயின. கற்சுவரில் மோதிய காற்று அப்பாற் சுழன்று இறங்கும். மரச்செறிவோ அதனைத் தன்னூடே சிறிது கசியவிட்டு வேகத்தைத் தணிக்கும். பயிர்நிலத்தின் எல்லைகளில் மண் பறவாதிருக்கத் தேயிலைச் செடியையே வேலியாக நட்டனர். தேயிலையை மலைச்சாரற் பயிராக மட்டும் அறிந்தோருக்கு இது வியப்பளிக்கும்.

காற்றைத் தடுப்பதற்காக மாத்திரம் ஓர் ஏழைக் குடியானவன் தன் காணியின் பெரும்பங்கைப் பயிரிடாது விடுவானா? விடான். மரங்களை வெட்டி விறகும் கரியும் பெற்றான்; வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்தது. சருகுகளைப் பெருங்கூடைகளில் மிதித்து நிரப்பிக் கொணர்ந்து, மக்கவைத்து எருவாக்கினான். இப்பகுதியிற் பிற்காலத்திற் புகழ்பெற்ற வற்றாளைக் கிழங்கின் நாற்றுப் பாத்திகளுக்கு வெப்பம் அளித்ததும் இச்சருகே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் எரிவாயுவும் இரசாயன உரமும் பரவின. விறகும் சருகும் மதிப்பிழந்தன. பயிர்நிலத்துக்கு மரபுரிமை வரியிற் கிடைத்த சலுகை காட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆதலால், தந்தை இறந்ததும் மைந்தர் காட்டை விற்று வரி செலுத்தலாயினர். விற்ற இடங்களிற் பண்டகசாலைகளும் கழிவெரிக்கும் உலைகளும் எழுந்தன. 1990களில் அவ்வுலைகளின் டயொக்சின் நஞ்சு இவ்வட்டாரத்தையே கலங்கச் செய்தது.

2023 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம், முசாசினோவின் சருகெரு வேளாண்மையை உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. எஞ்சிய காடுகளில் உழவரும், அயல் நகரங்களிலிருந்து வரும் தொண்டர்களும் குளிர்காலந்தோறும் சருகு வாருகின்றனர்.