மரம் வந்து சேர்ந்தது, கதை வரவில்லை

2001 மார்ச் மாதம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவுக்கு ஜப்பானிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். தங்கள் தாத்தா மசாரு யமாகி கொடுத்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மரம் அங்கே பத்திரமாகத்தான் இருந்தது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவரும் ஜப்பானிய வெள்ளை பைன். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டை ஒட்டி ஜப்பான் பரிசாகக் கொடுத்த 53 போன்சாய் மரங்களில் ஒன்று. கொடுத்தவர் பெயரும் மரத்தின் வயதும் பூங்காக்காரர்களுக்குத் தெரியும்.

தெரியாத ஒன்றைப் பேரன்கள் சொன்னார்கள். அவர்கள் குடும்பத்தின் நாற்றங்கால் ஹிரோஷிமாவில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். வீட்டு ஜன்னல்கள் சிதறின. மரம் ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. கால் நூற்றாண்டாக அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது புதுச் செய்தி.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஹிரோஷிமாவைவிட அந்த 25 வருஷம்தான் உறுத்தியது. மரத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோக முடிகிறது. அதைப் பற்றித் தெரிந்தது மட்டும் எப்படிப் பின்தங்கிவிடுகிறது?

போன்சாய் என்றாலே ஜப்பான்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேர் சீனாவில். கி.பி. 706இல் கட்டப்பட்ட ஒரு தாங் இளவரசனின் கல்லறைச் சுவரில், குட்டி மரமும் கல்லும் வைத்த தட்டை ஏந்திப் போகும் பணியாளின் ஓவியம் இருக்கிறது. ஜப்பான் அதை வாங்கித் தன் போக்கில் வளர்த்தது. அங்கே வித்தை குரு வீட்டில் இருந்தது. மாணவன் ஐந்தாறு வருஷம் அங்கேயே தங்கி, தரையைக் கூட்டி, களை பிடுங்கிக் கற்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கற்கவே மூணு வருஷம் ஆகும்னு அந்தத் தொழிலில் ஒரு சொலவடையே உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லித்தர மாட்டார்கள், பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நம்ம ஊர் நாதஸ்வரமும் ஸ்தபதி வேலையும் இப்படித்தானே வந்தன.

1923 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. இடம் இழந்த போன்சாய்த் தொழிலாளர்கள் 1925இல் நகருக்கு வடக்கே ஓமியாவில் ஒரு கிராமத்தை அமைத்தார்கள். குடியேறுகிறவர்களுக்கு நான்கு விதிகள். குறைந்தது 10 மரமாவது வைத்திருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, வேலி செடிவேலியாக இருக்க வேண்டும், யார் வந்தாலும் பார்க்க வாசல் திறந்திருக்க வேண்டும். கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் திறந்த வாசல் வழியாக மரத்தைப் பார்க்கலாம், எந்த மாதம் எந்த வேரை வெட்டினார்கள் என்பதைப் பார்க்க முடியாதே.

அதைச் சொல்லித்தர ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் யூஜி யோஷிமுரா. போன்சாய்க் குடும்பத்தில் பிறந்தவர். 1952இல் டோக்கியோவில் வெளிநாட்டவர்களுக்கு வகுப்பு எடுத்தார். ஐந்தாறு வருஷப் பாடத்தைச் சில வாரங்களுக்குள் அடக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லியாக வேண்டும்; ஏன் இந்தக் கிளை, ஏன் இந்த மாதம் என்று. மாணவி ஜியோவன்னா ஹால்ஃபோர்டுடன் சேர்ந்து 1957இல் ஆங்கிலப் புத்தகமும் கொண்டுவந்தார். கையில் இருந்த வித்தை வாக்கியமாக மாறிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கக் கதை இன்னும் சிக்கல். புரூக்ளின் தாவரவியல் தோட்டத்துக்கு 1925இலேயே போன்சாய் மரங்கள் நன்கொடையாக வந்துவிட்டன. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அப்படி அடைக்கப்பட்டிருந்த ஃபிராங்க் ஒகமுரா 1947இல் அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து மரங்களைப் பொறுப்பேற்றார், பிறகு ஊராருக்கு வகுப்பும் எடுத்தார். அடைத்துவைத்த நாட்டுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார், மனுஷன்!

ஜான் நாகா வேறு வகை. கொலராடோவில் பிறந்து, சிறுவயதில் ஜப்பான் போய், தாத்தாவிடம் போன்சாய் கற்றுத் திரும்பியவர். லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்தார். சொந்த ஊர் மரம் இல்லையே என்று உட்காராமல் கலிஃபோர்னியப் பாலைவன ஜூனிப்பரைக் கையிலெடுத்தார். 1973இல் வெளிவந்த ‘போன்சாய் டெக்னிக்ஸ்’ அந்தத் தலைமுறைக்கே பாடப்புத்தகம். அவருடைய புகழ்பெற்ற ‘கோஷின்’ 11 ஜூனிப்பர்கள் சேர்ந்த ஒரு குட்டிக் காடு. ஒவ்வொரு மரமும் ஒரு பேரக்குழந்தை. அது ஏன் 11 என்று இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யமாகியின் பைன் நிற்கும் அதே பூங்காவில்தான் அதுவும் நிற்கிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். சென்னை மொட்டைமாடியில் போன்சாய் வளர்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, அவரவர் பட்டறிவை இணையத்தில் தமிழில் ஒரே பொதுக் குறிப்பேடாகத் தொகுக்கிறோம். தேவை கண்கூடு. புத்தகங்கள் வசந்தத் தொடக்கத்தில் தொட்டி மாற்று என்கின்றன. குளிரில் இலை உதிர்த்துத் தூங்கும் மேப்பிளுக்கு அது சரி. இச்சிக்கும் ஆலுக்கும் இங்கே ஏது தூக்கம்? ஜப்பானில் அகடாமா என்ற களிமண் குருணையில் நடுகிறார்கள், நாங்கள் செங்கலை உடைத்துச் சலித்துப் போடுகிறோம். சித்திரை வெயிலில் ஆழமில்லாத தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் ஊர், மாதம், மண், எத்தனை வேளை தண்ணீர் எல்லாம் கட்டாயம். ‘வெயிலில் வை’ என்ற வரி தனியாக இருந்தால் அழித்துவிடுகிறோம். யாருடைய வெயில்? கொடைக்கானல் வெயிலா, வேலூர் வெயிலா?

சண்டை வந்தது ஒரே ஒரு கட்டத்தில்தான். ‘மரத்தின் கதை’ என்று நான் ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். “அது எதுக்கு? வளர்க்குறவனுக்கு அதுல என்ன பிரயோஜனம்?” என்றார் எங்களில் மூத்தவர். கேள்வி நியாயமானதுதான். கதை தெரியாமலேயே வாஷிங்டன்காரர்கள் பைனை நன்றாகத்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பேரன்கள் வராமலே இருந்திருந்தால்? நான் யமாகி கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டம் இருந்துவிட்டது.

போன வாரம் அவரே ஒன்றை நிரப்பி அனுப்பினார். ‘மரம்: இச்சி. எடுத்த இடம்: இடிக்கப்பட்ட ஓட்டு வீடு, பின்பக்க மதில் வெடிப்பு. எடுத்த மாதம்: ஆடி. மண்: செங்கல் குருணை மூன்று பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. தண்ணீர்: இரண்டு வேளை, சித்திரையில் மூன்று. மரத்தின் கதை: அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பக்கத்து டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.’