சென்னையைச் சுற்றிப் பார்க்கும் உரிமை

கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் சென்னைக்குச் சுற்றுலா போகும் மாணவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். மெரினா, தலைவர்களின் நினைவிடங்கள், எழும்பூர் அருங்காட்சியகம், வண்டலூர். நேரமிருந்தால் கோட்டை. உயர்நீதிமன்றம் பேருந்து ஜன்னல் வழியாகச் சிவப்பாகத் தெரிந்து மறையும். யார் கட்டியது, எந்த ஆண்டு என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். அந்த இடங்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்பதை யாரும் சொல்வதில்லை. தோழர்களே, அதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

ஊரைச் சுற்றிப் பார்க்க முதலில் தெருவில் நடக்க முடிய வேண்டும். அந்த உரிமை பேசப்பட்ட இடம் புனித ஜார்ஜ் கோட்டை. சென்னை மாகாண சட்டமன்றம் அங்கேதான் கூடியது. 1923-ல் அதன் உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசன், 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் பொதுச் சாலையில், தெருவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதைத் தடுக்கக் கூடாது. பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அது. தீர்மானம் நிறைவேறி, அதே ஆண்டு அரசாணையும் வந்தது.

ஆணை வந்ததும் தெருக்கள் திறந்துவிடவில்லை. அதனால்தான் 1938-ல் எம்.சி. ராஜா சமூகத் தடைகளை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. யார் எந்தத் தெருவில் போகலாம் என்ற சண்டை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் ஓயவில்லை. ஆகவே கோட்டையை வெள்ளைக்காரன் கட்டியது என்று மட்டும் பார்க்காதீர்கள். நாம் இன்று கேட்கும் உரிமை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே எழுத்தில் வந்துவிட்டது.

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது 1892-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடம். அதன் கோபுரத்தில் ஒருகாலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று அதற்கு எதிரே இருந்த கடற்கரை.

நம் மாவட்டத்தின் கதையும் அந்தக் கட்டடத்துக்குள் பேசப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கடுத்த மாதமே கல்வராயன் மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மூன்று ஜாகிர்களின் கீழ் கிடந்த மலை 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது என்பதும், மலைவாழ் மக்களுக்கு வாக்குரிமை 1996-ல்தான் கிடைத்தது என்பதும் அங்கே சொல்லப்பட்டன. சாலை, பேருந்து, மருத்துவமனை, பள்ளி பற்றி நீதிபதிகள் கேள்வி கேட்டார்கள். முதலமைச்சரே மலைக்கு நேரில் போய்ப் பார்க்கலாமே என்றும் யோசனை சொன்னார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மலைப்பிள்ளைகள் சென்னையைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. சென்னையில் இருந்து ஆள்பவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சாராயச் சாவு நடக்காமல் இருந்திருந்தால் அந்த நினைவூட்டலும் வந்திருக்குமா?

மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் அந்தச் சிலையைச் செய்தவர் ராய் சௌத்ரி, 1959-ல் நிறுவப்பட்டது. உழைப்பைச் சிலையாக வைத்த இதே நகரம், உழைப்பாளிகளின் குடிசைகளை ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. சிலையின் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை போகும்போது கிண்டி காந்தி மண்டப வளாகத்தைப் பட்டியலில் சேருங்கள். இரட்டைமலை சீனிவாசனுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் மணிமண்டபமும் 2023 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டது. நுழைவதற்கு முன் மாணவர்களிடம் 1924 தீர்மானத்தைப் படித்துக் காட்டுங்கள். ஊர் திரும்பியதும் தங்கள் ஊரில் அது எந்தத் தெரு வரை வந்திருக்கிறது, எந்தக் கிணற்றோடு நின்றிருக்கிறது என்று அவர்களையே எழுதி வரச் சொல்லுங்கள்.