கந்தகப் புகையும் காட்டு மர இலைகளும்

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் இருப்பவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். கோடையில் மரங்கள் தாமாகவே மொட்டையாகும். காவிரி இந்தக் காட்டைத் தாண்டி மேட்டூர் அணைக்குப் போகிறது. அணையை ஒட்டி, சேலம் மாவட்ட எல்லைக்குள், நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையம் இருக்கிறது. 1987-ல் முதல் யூனிட் ஓடியது. 1990-ல் 840 மெகாவாட் ஆனது. 2013-ல் இன்னொரு 600 மெகாவாட் சேர்ந்தது.

நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு. இலைத்துளை வழியே உள்ளே போய் நீரில் கரைந்து சல்பைட் ஆகிறது. கொஞ்சமாக வந்தால் இலை அதைச் சல்பேட்டாக மாற்றிச் சமாளித்துவிடும். அளவு மீறினால் பச்சையம் சிதையும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்துக் கருகும்.

இந்தக் கருகலை வைத்தே இரண்டு நாடுகள் வழக்காடின என்றால் நம்புவீர்களா? கனடாவின் டிரெயில் ஊரில் ஓர் உலோக உருக்காலை. 1925, 1927-ல் 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகள் கட்டினார்கள். புகை ஒழியவில்லை, கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே அமெரிக்கக் காட்டுக்குப் போனது! ஊசியிலைகளில் கந்தகம் எவ்வளவு, மரத்தின் ஆண்டு வளையம் எவ்வளவு மெலிந்தது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். 1938-ல் 78,000 டாலர் இழப்பீடு. 1941-ல் இறுதித் தீர்ப்பு: ஒரு நாட்டின் புகை அடுத்த நாட்டைக் கெடுக்கக் கூடாது. ஆனால் சேதத்துக்குத் தெளிவான சாட்சியம் வேண்டும்.

இந்தியாவில் 2009-ல் வந்த காற்றுத் தர விதி, சல்பர் டை ஆக்சைடுக்கு ஆண்டுச் சராசரி வரம்பாக 50 மைக்ரோகிராம் என்கிறது. மத்திய அரசு அறிவித்த சூழல் நுண்ணுணர்வுப் பகுதிக்கு மட்டும் 20. 2015-ல் அனல் நிலையங்கள் கந்தகத்தைக் கட்டுப்படுத்தக் கெடு வைத்தார்கள். கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான யூனிட்டுகளுக்கு கந்தகம் நீக்கும் கருவி கட்டாயமில்லை என்றாகிவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஒரு காரணம். அது உண்மைதான். ஆனால் யாருக்கு விலக்கு என்று பிரிக்கப் பார்த்தது பெருநகரமும் மாசு மிகுந்த ஊரும் எவ்வளவு தூரம் என்பதைத்தான். காடு எவ்வளவு தூரம் என்று யாரும் அளக்கவில்லை.

2022-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பைன் மரம் ஒரே இலையைப் பல வருடம் வைத்திருப்பதால் புகையின் கணக்கு அதில் சேர்ந்துகொண்டே போகும். இங்கே உசில் மரமோ ஆச்சா மரமோ இலையை அப்படி வருடக்கணக்கில் வைத்திருப்பதில்லை. வறட்சியிலும் இலை மஞ்சளாகும், புகையிலும் மஞ்சளாகும். எதனால் என்று ஆராய வருவதற்குள் இலை உதிர்ந்து சருகாகிவிடும்.