பிச்சாவரம் கற்பித்த பாடம்

வனத்துறையிலோ கடல்வள ஆராய்ச்சியிலோ பணிபுரிய விரும்பும் மாணவர் சிலர், அதற்கு எந்த நூலைப் படிக்கவேண்டும் என்று என்னை வினவுவதுண்டு. நூல் வேண்டுவதே; ஆயினும் நூலோடு நின்றுவிட்டால் நேரும் இடர் யாது என்பதை நம் மாவட்டத்து வரலாறே கூறுகிறது.

1878-இல் டேராடூனிலும் 1912-இல் கோயம்புத்தூரிலும் வனப்பயிற்சி நிலையங்கள் தோன்றின. வகுப்புப் பாடத்தோடு காட்டில் நடந்து கற்பதும் அங்கே கல்வியாயிற்று. எனினும் மலைக்காடு கற்பிக்கும் பாடம் ஒன்று. கடலோரச் சேறு கற்பிக்கும் பாடம் வேறொன்று.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரமும் இவ்வினக் காட்டைச் சேர்ந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காட்டைப் பல பகுதிகளாக வகுத்து, முறைவைத்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை முற்றாக வெட்டும் வழக்கம் ஏற்பட்டது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்று எதிர்பார்த்தனர். விடுதலைக்குப் பின்னும், 1970-களின் நடுப்பகுதி வரை, இம்முறை நீடித்தது. வெட்டிய இடங்கள் பல தழைக்கவில்லை.

விறகு பொறுக்கிய ஏழைகளும் மேய்ந்த மாடுகளுமே காடு அழியக் காரணம் என்று பலர் கூறிவந்தனர். உண்மை வேறு. நிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் ஈரம் இழந்து, அமிழ்ந்து, தொட்டிபோல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உட்புகுந்த கடல்நீர், வடியும்போது வெளியேறவில்லை. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு மிகுந்தது. அவ்வுப்பில் அலையாத்தி நாற்றும் பிழைக்கவில்லை. மரத்தை எண்ணிக் கணக்கேட்டில் எழுதலாம்; நீர் வந்துபோகும் வழியைச் சேற்றில் இறங்கியவரே காண்பர்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் அவ்வாறு இறங்கி ஆராய்ந்தனர். நடுவே பெரிய வாய்க்காலும், அதன் இருமருங்கும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் மீன்முள் வடிவில் வெட்டப்பட்டன. இருளர் உள்ளிட்ட கரையோர மக்களும் உடனுழைத்தனர். ஓதநீர் தடையின்றி வந்துபோயிற்று, உப்புத் தணிந்தது, வாய்க்கால் ஓரத்தில் நட்ட வெண்கண்டல் வேர்கொண்டது. பழிசுமந்த மக்களே காட்டை மீட்கத் துணைநின்றனர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. மரச்செறிவின் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு என ஆய்வாளர் சிலர் 2005-இல் எழுதினர். ஊர் இருந்த மேடும் கடலுக்குள்ள தொலைவுமே பெருங்காரணம் என வேறு சிலர் மறுத்தனர். இவ்வழக்கைத் தீர்ப்பதும் களத்தில் எடுக்கும் அளவைகளே அன்றோ!

ஆசிரியப் பணியில் இருந்த நாளில் நான் இக்காட்டின் படத்தைக் கரும்பலகையில் அழகாக வரைந்தேன். பின்னர் மாணவரோடு அங்குச் சென்றபோது, படகோட்டி தம் கழியைச் சேற்றில் ஊன்றி ஆழத்தைச் சொன்னார். என் படத்தில் அவ்வாழம் இல்லை. அன்று மாணவரோடு நானும் மாணவனானேன்.

இளைஞர்களே, நீரின் உப்பை அளக்கவும், நிலத்தின் சரிவைக் காணவும், ஓதம் ஏறி இறங்கும் நேரத்தைக் குறிக்கவும், விதை முற்றிய பருவத்தை அறியவும் கையால் பழகுங்கள். அங்கு வாழ்வோரிடம் கேட்டும் அறியுங்கள். கல்லூரிப் பட்டம் பெற்றபின் அல்ல, வரும் விடுமுறையிலேயே தொடங்குங்கள்.