சென்ட்ரல் பக்கத்துல ஒரு கேரளக் கூரை: ராபர்ட் சிசோமின் கதை

அஸ்தினாபுரத்துல பஸ் ஏறி குரோம்பேட்டை வந்து, பீச் போற ரயிலைப் பிடிச்சு, பார்க் ஸ்டேஷன்ல இறங்குறோம்னு வெச்சுக்குங்க. ரோட்டைக் கடந்தா, ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்துல சிவப்பா நிக்கிறது விக்டோரியா பப்ளிக் ஹால். அதோட கோபுர உச்சியை அண்ணாந்து பாருங்க. திருவிதாங்கூர் பக்கத்துக் கூரை மாதிரி நாலு பக்கமும் சரிஞ்சு இறங்கும். சென்ட்ரல் பக்கத்துல கேரளக் கூரைக்கு என்ன வேலை?

இதுக்குப் பதில் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையில இருக்கு.

1864-ல் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டு ஒரு போட்டி நடந்தது. ஜெயிச்சது இவர். அப்போ வயசு இருபதுகள்தான். பிறகு சென்னை மாகாண அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் ஆனார்.

முதல்ல எழும்பியது மாநிலக் கல்லூரி; 1870-ல் திறந்தாங்க. அது இத்தாலியப் பாணி. இங்கிலாந்துல படிச்சதை அப்படியே இங்கே கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கும்.

அதுக்குப் பிறகுதான் மாற்றம். பக்கத்துலயே நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. அதோட ரெண்டு மஹால்களையும் இணைக்க ஒரு கோபுரம் கட்டினார். நவாப் கட்டடத்தோட பாணிக்கு ஒத்துப்போற மாதிரியே கட்டினார். கவர்னர் நேப்பியர் பிரபு, சிதைஞ்சு கிடந்த மதுரை திருமலை நாயக்கர் மஹாலைப் புதுப்பிக்கிற பொறுப்பையும் இவர்கிட்ட கொடுத்தார். வரைஞ்சு கொடுக்க வந்தவர், இங்கே பார்த்துக் கத்துக்க ஆரம்பிச்சார்.

1879-ல் முடிந்த செனட் ஹவுஸைப் பாருங்க. மூலைக் கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடிகள். மாநிலக் கல்லூரியும் இதுவும் ஒரே போட்டியில் கிடைச்ச வேலை, ஒரே கடற்கரைச் சாலை. ஆனா ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சார்னு நம்புறது கஷ்டம்.

அடுத்து திருவனந்தபுரம். 1880-ல் முடிந்த நேப்பியர் மியூசியத்துக்கு அந்த ஊர்த் தச்சு முறைக் கூரையையே எடுத்துக்கிட்டார். மழையை வடிச்சு, வெயிலைத் தடுத்து, காற்றை உள்ளே விடுற கூரை அது. அந்தப் பாடம்தான் விக்டோரியா ஹால் உச்சியில ஏறி உட்கார்ந்திருக்கு. பரோடாவுல, 1881-ல் இறந்துபோன சார்லஸ் மாண்ட் விட்டுச்சென்ற லட்சுமி விலாஸ் அரண்மனையையும் இவர்தான் முடிச்சார். பின்னாளில் லண்டன் திரும்பி ஒரு தேவாலயம் கட்டினார். இன்னைக்கு அது காடகன் ஹால் என்ற இசை அரங்கம். 1915-ல் காலமானார்.

‘இந்தோ-சாரசெனிக்’னு ஒரே வார்த்தையில இதையெல்லாம் அடக்கிடுறோம். எனக்கு அதுல ஒரு உறுத்தல். வரைஞ்ச சிசோம் பேர் தெரியும். விக்டோரியா ஹாலைக் கட்டின ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி பேரும் தெரியும். ஆனா அந்தக் கூரை ஞானம் யாருடைய சொத்தோ, அந்தத் தச்சர்கள் பேரை நாம எந்தப் பாடத்துலயும் படிச்சதில்லை. சிசோமோட பெருமை அவர் அவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். அதைச் சொல்லும்போது, கத்துக்கொடுத்தவங்களையும் சேர்த்துச் சொல்லணும்.

அடுத்த தடவை பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா, ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க.